பெரிய வெள்ளி அன்னைக்கு ஆடின முள்ளு

"வெடி வைக்கலைன்னா என் செவுத்துல இந்தக் கோடு எப்படி வந்துச்சு? எலி வந்து நகத்தால கீறிட்டுப் போச்சாக்கும்?"

"அக்கா, சொல்லுதத மொதல்ல கேளு. இந்தப் பக்கம் உளி வேலை மட்டுந்தான். வெடியெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், வேற குவாரிக்காரன் வைக்கான். எங்க லைசன்ஸுலயே அப்படித்தான் எழுதியிருக்கு."

"லைசன்ஸுல எழுதுனத பாறை படிக்குமாலே?"

"'லே' போட்டுப் பேசாத. நான் இங்க சூப்பர்வைசர்."

"பெரிய சூப்பர்வைசரு! கிண்ணத்துல தண்ணி ஊத்தி வச்சா தண்ணி குதிக்கு. படம் ஆணியோட கீழ விழுது. கேட்டா உளி வேலையாம். எந்த ஊர் உளிலே அது?"

"நீ கட்டுன செவுரு அப்படிக்கா. சிமென்ட்ல பாதி சாம்பலப் போட்டுக் கட்டுனா, மலை தும்முனாக்கூட விழத்தான் செய்யும்."

இந்தச் சண்டை நடந்தது தரைக்கு மேல. அதைக் கேட்டுக்கிட்டிருந்த வேதமுத்து இருந்தது தரைக்குக் கீழ. நாலடி ஆழக் குழி, மேல மஞ்சத் தார்ப்பாய். குழிக்குள்ள இருந்து பாத்தா அவருக்கு ரெண்டு ஜோடிக் காலு மட்டுந்தான் தெரிஞ்சுது. ஒண்ணு தேஞ்சுபோன ஹவாய் செருப்பு. அது லூர்து மேரியக்கா. இன்னொண்ணு கல்லுப்பொடி அப்பி வெள்ளையாப் போன பூட்ஸ். அது குவாரி சூப்பர்வைசர் செல்லப்பாண்டி. ரெண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கந்தான். வேதமுத்துவும் அந்தப் பக்கந்தான். மூணு பேரும் பம்பாய்ல செம்பூர் மலையடியில இப்படிக் கூடணும்னு இருந்திருக்கு.

இது எண்பத்தெட்டாம் வருசம், மார்ச் மாசம். மலையோட சரிவுல ஒரு சந்து, மாதா சந்துன்னு சொல்லுவாங்க. மொத்தம் பதினோரு வீடு. ஒம்பது வீடு கிறிஸ்தவங்க, ரெண்டு வீடு பாய்மாருங்க, எல்லாமே தமிழாளுங்க. சந்துக்கு நேர் மேல ஒரு பெரிய பாறை துருத்திக்கிட்டு நிக்கும், யானை மண்டை மாதிரி. அதுக்குப் பின்னாலதான் செல்லப்பாண்டி வேலை பாக்குற குவாரி. வெடி போடப்போட அந்தப் பாறைக்கு அடியில இருந்து சரளை உதிர ஆரம்பிச்சுது. மழைக்கு முன்னாடி வெடியை நிறுத்தலைன்னா பாறை சந்து மேலதான் வரும். இது அங்க இருக்குற கைப்புள்ளைக்கும் தெரியும். கலெக்டர் ஆபீஸ்ல இருக்குறவங்களுக்கு மட்டும் தெரியல. லூர்து மேரியக்கா எழுதிப் போட்ட மனுவுக்கெல்லாம் ஒரே பதிலு: வெடி வைக்கிறதுக்கு ஆதாரம் இல்ல, வீடுகள் தரமாக் கட்டப்படல. அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு நோட்டீஸு. வீடு அபாயகரமா இருக்கு, ஏப்ரல் முடியிறதுக்குள்ள காலி பண்ணுங்கன்னு. குவாரிக்கு இல்ல நோட்டீஸு. வீட்டுக்காரங்களுக்கு!

வேதமுத்துக்கு இதுல என்ன வேலைன்னா, அவரு கேபிள் ஜாயின்ட் போடுறவரு. பதினஞ்சு வருசம் செம்புக் கேபிள் போட்டுட்டு, புனாவுல ரெண்டு மாசம் டிரெயினிங் எடுத்து, புதுசா வந்த கண்ணாடிக் கேபிளுக்கு மாறியிருந்தாரு. ஆப்டிகல் ஃபைபர்னு அப்பவே பேரு. தலைமயிர் கணக்கா ஒரு கண்ணாடி இழை, அதுக்குள்ள வெளிச்சத்தை விட்டா மறு முனையில வந்து எட்டிப் பாக்கும். செம்பூர்ல இருந்த ஒரு பெரிய தொழிற்சாலை, தன்னோட ரெண்டு பிளான்ட்டுக்கு நடுவுல இந்தக் கேபிளைப் போடச் சொல்லி ஒரு கான்ட்ராக்டர்கிட்ட விட்டிருந்தது. அந்தக் கம்பெனியில ஜாயின்ட் போடுற கை வேதமுத்துதான். கேபிள் ரெண்டடி ஆழத்துல மாதா சந்துக்குள்ளாற, வீட்டு வாசலை ஒட்டியே போச்சு. தினமும் காலைல தாராவியில இருந்து பஸ் ஏறி வருவாரு, குழிக்குள்ள இறங்குவாரு.

அவருக்கும் அதே வாரம் ஒரு இடி விழுந்திருந்துச்சு.

ஜாயின்ட் எல்லாம் போட்டு முடிச்சதும் இருபத்திநாலு மணி நேர டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரு முனையில லேசர் வெளிச்சத்தை விடணும், இந்த முனையில மீட்டர். மீட்டர்ல இருந்து ஒயரு ஒரு பொட்டிக்குப் போகும். அதுல ஒரு பேனாமுள்ளு, காகிதச் சுருளு மெதுவா நகர நகர கோடு போட்டுக்கிட்டே வரும். வெளிச்சம் குறையாம கூடாம வந்தா கோடு நேராப் போகும். நேராப் போனாத்தான் தொழிற்சாலைக்காரன் கையெழுத்துப் போடுவான். வேதமுத்து போட்ட சுருள்ல கோடு நேராப் போகல. கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்துச்சு.

கம்பெனி இன்ஜினியர் திருவேங்கடம் மாதுங்காக்காரரு. நெத்தியில சின்னதா ஒரு ஸ்ரீசூர்ணம், கையில எப்பவும் ஒரு ஃபைலு. அவரு காகிதத்தை விரிச்சுப் பாத்துட்டு, "என்னய்யா இது? பதினஞ்சு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு சொல்லிண்டு வந்தே. ஜாயின்ட் லூஸா இருக்கு. அதான் ஆடறது"ன்னாரு.

"ஜாயின்ட் லூஸு இல்ல சார். நானே மூணு தடவ பாத்துட்டேன்."

"அப்போ பேப்பர் பொய் சொல்றதா? பிரிச்சுட்டு மறுபடி போடு. இந்த தடவையும் இப்படி வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அதனாலதான் அன்னைக்குக் குழிக்குள்ள இருந்து 'நீ கட்டுன செவுரு அப்படி'ங்குறதைக் கேட்டதும் வேதமுத்துக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அந்த அம்மா செவுரு சரியில்ல. இவரு ஜாயின்ட்டு சரியில்ல. பாடுபட்டவன் செஞ்சதுதான் எப்பவும் தப்பு. தார்ப்பாயைத் தூக்கிட்டுத் தலையை நீட்டினாரு.

"ஏ செல்லப்பாண்டி, அந்தச் செவுத்துல சாம்பல் இருக்குன்னு நீ நக்கிப் பாத்தியாடே?"

செல்லப்பாண்டி திடுக்குனு ரெண்டடி பின்னால போனாரு. "நீரு யாருவே, பொந்துக்குள்ள இருந்து?"

"யாரா இருந்தா என்ன. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

செல்லப்பாண்டி மலைப் பக்கம் விறுவிறுன்னு நடையைக் கட்டிட்டாரு. லூர்து மேரியக்கா அவரு போறதையே பாத்துட்டு, "தம்பி, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ. செவுரு விழுறதுக்குள்ள குடிச்சிரு"ன்னாங்க. அந்தம்மா பேச்சே அப்படித்தான்.

ஜாயின்ட்டைப் பிரிச்சு மறுபடி போட்டாரு. மறுபடியும் அதே கம்பளிப்பூச்சி. வேதமுத்து மீட்டரைக் கழட்டிட்டு, இழையோட முனைக்கு முன்னால ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் பிடிச்சாரு. தாள்ல செவப்பு வெளிச்சம் வட்டமா விழுந்துச்சு. வட்டத்துக்குள்ள ரவையைக் கொட்டின மாதிரி பொடிப்பொடியாப் புள்ளி. பாத்துக்கிட்டே இருக்கும்போது அந்த ரவை துள்ளுது. நிக்குது. துள்ளுது. நிக்குது.

அதுக்குத் தாளம் இருந்துச்சு. தொம், தொம். தொம், தொம்.

அவரு காதைத் தீட்டினாரு. மூணாவது வீட்டு வாசல்ல ஹபீபாவும் மருமக நஸீராவும் ஒரே உரல்ல மாத்தி மாத்தி மிளகா இடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஹபீபாவுக்குத் தொழிலே அதுதான். மாதுங்கா மெஸ்காரங்க மிஷின் பொடி வாங்க மாட்டாங்க, உலக்கை இடிதான் வேணும்பாங்க.

"லாத்தா! கொஞ்சம் நிப்பாட்டுங்க!"

"ஏன் தம்பி? ஒங்க கேபிளுக்குத் தும்மல் வருதா?"

"நிப்பாட்டுங்க, சொல்லுதேன்."

நிப்பாட்டினாங்க. ரவை அசையாம நின்னுது. "ஒரு குத்து குத்துங்க." குத்தினாங்க. துள்ளுச்சு. "ரெண்டு குத்து." ரெண்டு துள்ளு. வேதமுத்து குழிக்குள்ள இருந்து பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சாரு. ஜாயின்ட் லூஸு இல்ல! தரை அதிர்றப்ப கேபிள் அதிருது, கேபிளுக்குள்ள போற வெளிச்சம் கலங்குது. மீட்டரோட கண்ணு சின்னது, கலங்கின புள்ளியில கொஞ்சம் அதுக்கு வெளியில போயிடுது, முள்ளு ஆடுது. அம்புட்டுத்தான். கேபிள் கெட்டுப்போகல. கேபிளு கேக்குது!

மாமியாரும் மருமகளும் உலக்கையைப் பிடிச்சபடி குழியை எட்டிப் பாத்தாங்க. "நான் இடிக்கிறது இந்தக் கண்ணாடிக்குத் தெரியுதா?"ன்னு ஹபீபா கேட்டாங்க. "அப்போ மேல வெடிக்கிறானே, அது தெரியாமலா இருக்கும்?"

வேதமுத்து அதுவரைக்கும் தன் ஜாயின்ட்டைப் பத்தி மட்டுந்தான் நெனச்சுக்கிட்டிருந்தாரு. அந்தக் கேள்விக்கு அப்புறம் அவரால அப்படி நெனைக்க முடியல.

மறுநாளு சுருளை விரிச்சு எது எதுன்னு பிரிச்சாரு. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த குவாரி தினம் சாயங்காலம் நாலு மணிக்கு சைரன் ஊதிட்டு வெடிக்கும். நாலு மணிக்குக் காகிதத்துல நகத்தளவு ஒரு நெளிவு இருந்துச்சு. கூட்ஸ் வண்டி போனா நீளமா ஒரு நடுக்கம். ஹபீபா உலக்கை சீப்புப் பல்லு மாதிரி. ஆனா பகல் நேரத்துல லாரி, உலக்கை, ஆணி அடிக்கிறது, அம்மி கொத்துறதுன்னு ஒரே குப்பை. அந்தக் குப்பைக்குள்ள இந்தப் பக்கத்து வெடியைத் தனியாக் காட்டுறது கஷ்டம். அவருக்கு ஒரு சத்தமில்லாத பகல் வேணும். தன் கோடு நேரா வர்றதுக்கும் அதுதான் வேணும்.

"அக்கா, இந்தச் சந்துல ஒரு நாளு, ஒரு பொட்டு இடி இல்லாம இருக்குமா?"

லூர்து மேரியக்கா யோசிக்கவே இல்ல. "பெரிய வெள்ளி. வெள்ளிக்கிழமை வருதுல்லா. அன்னைக்கு எவளும் உலக்கையத் தொட மாட்டா. ஆணி அடிக்க மாட்டோம். கோயில் மணிகூட அடிக்க மாட்டாங்க. ஆண்டவரை ஆணி வச்சு அடிச்ச நாளு தம்பி. நம்ம கையால ஒரு தட்டுச் சத்தம் வரப்பிடாது."

"ஹபீபா லாத்தா?"

"அவளும்தான். கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த மொத வருசம் தெரியாம இடிச்சிட்டா. நான் போயி, இன்னைக்கு வேண்டாம்த்தான்னு சொன்னேன். அன்னையில இருந்து வியாழக்கிழமையே உரலைக் கழுவிக் கவுத்திருவா. எனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, அவளுக்கு இருக்கும்."

வீட்ல சம்சாரம் தெரசம்மாள் கொஞ்சம் சண்டை போட்டாங்க. "பெரிய வெள்ளி அன்னைக்கு வேலைக்குப் போற ஒரே கிறிஸ்தவன் தாராவியில நீருதான்." வேதமுத்து, "சுவிட்சு போடுறது வேலையா? மூணு மணி ஆராதனைக்கு முன்ன வந்திருவேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினாரு. வரமுடியல, அது வேற.

ஏப்ரல் ஒண்ணு. காலைல ஆறு மணிக்கு முள்ளை எறக்கினாரு. சந்துல உரல் எல்லாம் கவுந்து கெடந்துச்சு. லீவு நாளு, லாரி இல்ல. அந்தப் பக்கத்துக் குவாரிக்கும் லீவு. கோடு போச்சு பாருங்க, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. ஏழு மணி, எட்டு, ஒம்பது. வேதமுத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. பதினஞ்சு வருசத்துல அப்படி ஒரு கோடு அவரு பாத்ததில்ல. பதினொன்றரைக்கு சந்தே கிளம்பிக் கோயிலுக்குப் போயிருச்சு. பாய்மாருங்க ஜும்மாவுக்குப் போயிட்டாங்க. ஹபீபா மட்டும் வாசல்ல உக்காந்து அரிசி பொடைச்சுக்கிட்டிருந்தாங்க.

பன்னெண்டு நாப்பது.

சத்தம் அப்புறம்தான் வந்துச்சு. மொதல்ல முள்ளு. பேனா ஒரே தாவாத் தாவிக் காகிதத்தோட விளிம்புல போயி மோதிச்சு. அதுக்குள்ள குழியோட மண்ணு பொலபொலன்னு அவரு தோள்ல விழுந்துச்சு. மறுபடி ஒண்ணு. மறுபடி ஒண்ணு. மூணு தடவ. தகரக் கூரையில கல்லு தெறிச்சு விழுற சத்தம். "யா அல்லாஹ்!"ன்னு ஹபீபா கத்தினது.

லீவு நாளு, ஆபீஸர் எவனும் வரமாட்டான். சந்துல ஆளு இல்ல, கேக்க நாதியில்ல. எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ற நேரமாப் பாத்து வச்சிருக்கானுங்க! சைரன்கூட ஊதல. சந்துல ஒரு குழந்தை விளையாடிக்கிட்டு இருந்திருந்தா?

வேதமுத்து காகிதத்துலயே மணியை எழுதினாரு. ஹபீபாவைக் கூப்பிட்டு, "லாத்தா, நீங்க பாத்ததுக்கு இதுல கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. ஹபீபா முட்டாக்கை இழுத்துவிட்டுக்கிட்டு, தமிழ் எழுத்துல ஒவ்வொண்ணா எழுதினாங்க. சாயங்காலம் லூர்து மேரியக்கா திரும்பி வந்து பாத்தப்ப, அவங்க வீட்டுச் செவுத்துல ரெண்டு விரல் போற அளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சுது. அவங்க அழல. "பயபுள்ளைக, மூணு மணிக்குக்கூடப் பொறுக்கலையே"ன்னு மட்டும் சொன்னாங்க.

திங்கக்கிழமை திருவேங்கடம் காகிதத்தைப் பாத்துட்டு முகமெல்லாம் மலர்ந்துட்டாரு. "பேஷ் பேஷ்! கோடு என்னமா வந்திருக்கு! நான் தப்பா சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதே. இந்த மூணு இடத்தை மட்டும் கத்தரிச்சு ஒட்டிடு. சைன் வாங்கிடலாம்."

"கத்தரிக்க முடியாது சார்."

"ஏன்?"

"இது என் ஜாயின்ட்டுக்கும் சாட்சி, அவங்க செவுத்துக்கும் சாட்சி. பாதியக் கத்தரிச்சா மிச்சம் இருக்குற பாதியும் பொய்யாப் போயிடும்."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "வேதமுத்து, அந்த பில்டிங் கட்டறாளே, பிளான்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன், அதுக்கு ஜல்லி எங்கேர்ந்து வரதுன்னு உனக்குத் தெரியுமோ? அந்தக் குவாரியிலேர்ந்துதான். நமக்கு எதுக்குய்யா வம்பு? நீ கேபிள் போட வந்தவன்."

"ஆமா சார், கேபிள்தான் போட்டேன். அது சொல்றதை மட்டும் நீங்க கேக்க மாட்டேங்குறீங்க."

சுருளைச் சுருட்டி லூர்து மேரியக்கா கையில கொண்டுபோய்க் கொடுத்துட்டாரு. அக்கா அதை மனுவோட சேத்து, ஆபீஸ் வாசல்ல மூணு நாளு நின்னு, ஒரு அதிகாரியைச் சந்துக்குக் கூட்டிக்கிட்டே வந்துட்டாங்க. அந்தம்மாவால மட்டுந்தான் முடியும் அது.

அதிகாரி வந்தாரு, கூட செல்லப்பாண்டி. பொட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்திருந்த திருவேங்கடமும் மாட்டிக்கிட்டாரு. அதிகாரி ஹிந்தியில பேசினாரு, கொஞ்சம் தமிழும் புரியும்.

"யே க்யா ஹை? டெலிபோன் கா வயர்ல பூகம்பம் தெரியுமா?" காகிதத்துல தேதியைப் பாத்தாரு. சிரிச்சாரு. "ஒண்ணு ஏப்ரல்! அரே, ஏப்ரல் ஃபூலா?"

செல்லப்பாண்டி மட்டும் சத்தமாச் சிரிச்சாரு.

அதிகாரி அவரைக் கைகாட்டி, "இங்க பொம்பளைங்க மிர்ச்சி இடிக்கிறாங்கன்னு இவர் சொல்றாரு. அதுதான் இந்த ஆட்டம்"னாரு.

"அப்படியா?"ன்னு லூர்து மேரியக்கா சேலையை இடுப்புல சொருகினாங்க. "ஹபீபா, நஸீரா, எல்லாரும் வாங்கட்டீ. உரலைத் தூக்கிட்டு வாங்க. ஐயா கண்ணால பாக்கட்டும்."

சந்துல இருந்த நாலு உரலும் வந்துச்சு. கேபிள் போற இடத்துக்கு மேலயே வரிசையா வச்சாங்க. எட்டு உலக்கை. வேதமுத்து முள்ளை எறக்கினாரு. எட்டு பேரும் இடிச்சாங்க பாருங்க, ரோட்ல போறவன் எல்லாம் நின்னு பாத்தான். அதிகாரி, "ஸோர் ஸே, இன்னும் பலமா"ன்னாரு. வேர்த்து ஒழுக ஒழுக இடிச்சாங்க. முள்ளு ஒரு விரல் அகலத்துக்குமேல ஒரு நூலுகூட ஏறல. வேதமுத்து அந்தக் காகிதத்தைப் பெரிய வெள்ளிக் காகிதத்துக்குப் பக்கத்துல வச்சாரு. ஒண்ணு சீப்புப் பல்லு. இன்னொண்ணு காகிதத்தையே கிழிச்ச கத்தி.

அதிகாரி சிரிக்கல இப்ப. திருவேங்கடத்தைப் பாத்து, "நீங்க இன்ஜினியர். இது நிஜமா?"ன்னாரு.

திருவேங்கடம் ஃபைலை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. "சயின்டிஃபிக்கா பாத்தா பாசிபிள்தான். ஆனா இதுக்காக வாங்கின இன்ஸ்ட்ருமென்ட் இல்லை. நான் சர்டிஃபை பண்ண முடியாது."

உடனே செல்லப்பாண்டிக்குத் தைரியம் வந்துருச்சு. "அன்னைக்கு இதைவிட நெறைய பேரு இடிச்சிருப்பாங்க சாப்."

"எத்தன பேரு? எம்பது பேரா?"ன்னு ஹபீபா கேட்டாங்க. "எம்பது பேரு நிக்க இந்தச் சந்துல எடம் எங்கய்யா இருக்கு?"

லூர்து மேரியக்கா உலக்கையைச் செவுத்துல சாத்திட்டு செல்லப்பாண்டி முன்னால போய் நின்னாங்க. குரல் தாழ்ந்துருச்சு. அது கத்துறதைவிடப் பயமா இருந்துச்சு.

"செல்லப்பாண்டி, உங்க தெருவுக்கு அடுத்த தெரு கோயில் தெருதான? நீ அந்தப் புள்ளைகளோட சேந்து வளந்தவன்தான? பெரிய வெள்ளி அன்னைக்கு எங்காளுக உலக்கையத் தொடுவாங்களா? எங்களுக்காக வேண்டாம். வெடியப் பத்திகூடச் சொல்ல வேண்டாம். இந்த ஒண்ண மட்டும் ஐயாகிட்டச் சொல்லு."

செல்லப்பாண்டி தரையைப் பாத்தாரு. பூட்ஸை மண்ணுல தேச்சாரு. வேதமுத்து அவரு முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு நிமிசம், சொல்லிருவான்னுதான் தோணுச்சு.

"எனக்குத் தெரியாதுக்கா. நீங்க என்ன செய்வீங்க, என்ன செய்ய மாட்டீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதா?"

"தெரியாது."

"நெசமாவே தெரியாதா?"

"தெரியாதுன்னா தெரியாது!"

அதிகாரி பேனாவைத் திறந்தாரு. எழுதினாரு. கையெழுத்துப் போட்டாரு. அம்புட்டுத்தான்.

அந்தச் சந்து ஏப்ரல் கடைசியில காலியாச்சு. லூர்து மேரியக்கா சீத்தா கேம்ப்ல தங்கச்சி வீட்டுல ஒரு மூலையில ஒதுங்கினாங்க. ஹபீபா உரலைத் தலையில வச்சுக்கிட்டு மருமகளோட நடந்தே போனாங்க. கேபிளுக்குக் கையெழுத்து கெடைச்சிருச்சு, வேற ஆளை வச்சு வேற காகிதம் எடுத்து. வேதமுத்துவை 'கம்பெனி இன்ஸ்ட்ருமென்ட்டைத் தப்பா உபயோகிச்சார்'னு எழுதி அனுப்பிட்டாங்க. அவரு பழையபடி முலுண்ட் பக்கம் செம்புக் கேபிளுக்குப் போயிட்டாரு.

ஜூலையில, நல்ல மழை நாள்ல, அந்த யானை மண்டைப் பாறை கீழ வந்துச்சு. ஒம்பது வீடு மாவாப் போச்சு. ஆளு இல்லாததால உயிர்ச்சேதம் இல்ல. வேதமுத்து லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்தாரு. லூர்து மேரியக்காவும் வந்து நின்னாங்க, குடை இல்லாம. அந்த அதிகாரியும் அங்க இருந்தாரு. இவங்களைப் பாத்ததும், "பாத்தீங்களா, நான் அன்னைக்கே காலி பண்ணச் சொன்னேன். உங்க வீடு எவ்வளவு வீக்கா இருந்திருக்கு, தேக்கோ"ன்னாரு. பாறை விழுந்ததுக்கும் செவுருதான் காரணமாம்! கேளுங்க அநியாயத்தை!

லூர்து மேரியக்கா பைக்குள்ள இருந்து ஜெபப் புஸ்தகத்தை எடுத்தாங்க. அதுக்குள்ள அந்தக் காகிதத்தை மடிச்சு வச்சிருந்தாங்க. மழையில நனையாம முந்தானையால மூடி, "தம்பி, அந்தாளு ஃபைல்ல என்ன எழுதினான்னு விசாரிச்சியா?"ன்னு கேட்டாங்க.

வேதமுத்து விசாரிச்சிருந்தாரு. மராட்டியில ஒரே ஒரு வரி. அன்றைய தினம் குடியிருப்போர் உரல் இடிக்கவில்லை என்பதற்கு, அவர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"சாட்சி இல்லையாமா?"ன்னாங்க அக்கா. "ஊர்ல எத்தன ஆயிரம் பேரு சொல்லுவாங்க தம்பி. இவனுக ஒருத்தர்கிட்டயாவது கேட்டானுகளா?"

அவங்க யாரும் கேக்கல. இப்ப எங்க பாத்தாலும் பேசுறாங்க, தரைக்கடியில கெடக்குற ஃபைபர் கேபிளை வச்சே பூமி அதிர்றதைக் கண்டுபிடிக்கலாம்னு. கேபிளு சொல்லும், சரி. அது சொல்றதை நம்புறதுக்கு மனுசன் வேணும்ல? அதனால இதைப் படிக்கிற உங்களைக் கேக்குறேன். திருநெல்வேலியோ தூத்துக்குடியோ நாகர்கோயிலோ, செம்பூரோ தாராவியோ, எங்க இருந்தாலும் சரி. உங்க வீட்ல, உங்க தெருவுல, உங்களுக்குத் தெரிஞ்சு பெரிய வெள்ளி அன்னைக்கு யாராவது உலக்கையத் தொட்டிருக்காங்களா? ஆமாவா இல்லையா, எந்த ஊருன்னும் சேத்து, கீழ ஒரு வரி பதில் எழுதுங்க.